ரெக்கார்ட் பிளேயர் பழுதானால் சரி செய்வதா, புதிது வாங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழுதான ரெக்கார்ட் பிளேயரைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர், பரணில் பல வருடம் கிடந்த வீட்டுப் பிளேயரை இறக்கியிருப்பார். இன்னொருவர், கொஞ்ச நாள் முன்னால் ஆன்லைனில் வாங்கிய சூட்கேஸ் மாடல் நின்றுபோய்விட்டது என்பார். முதலாமவர் தன்னுடையதைக் காயலான் கடைக்குப் போட நினைப்பார். இரண்டாமவர் எப்படியாவது ரிப்பேர் செய்துவிடப் பார்ப்பார். பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்வதுதான் சரி.

பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. பிளக்கைச் செருகி ஓடுகிறதா என்று பார்க்கலாமா?

உடனே வேண்டாம். முதலில் அடிப்பலகையைக் கழற்றி உள்ளே பாருங்கள். எலி கடித்த ஒயர், உதிரும் ரப்பர் உறை, வீங்கிய கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகம்) எல்லாம் கண்ணுக்கே தெரியும். வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அது 220-240ல் நிற்கிறதா என்று பாருங்கள். பிளாட்டரை, அதாவது ரெக்கார்டு உட்காரும் சுழல்தட்டை, கையால் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும்.

வால்வு போட்ட பழைய பெட்டிகளில் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. சிலவற்றில் மெயின்ஸைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. கரண்டின் ஒரு முனை நேராக இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கும். இரண்டு பின் பிளக்கை எந்தப் பக்கமாகச் செருகினோம் என்பதைப் பொறுத்து, வெளியே தெரியும் ஒரு ஸ்குரூவைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். இப்படிப்பட்டதை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும்.

ரேடியோ மெக்கானிக்குகள் பழைய சாமானுக்கு முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே பிளேயருக்குப் போகும்படி, போடுவார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பிளேயர் தப்பித்துவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

சரி, ரிப்பேரா புதிதா என்று எதை வைத்து முடிவு செய்வது?

வயதை வைத்து அல்ல, எது கெட்டிருக்கிறது என்பதை வைத்து. ரப்பர், கிரீஸ், ஊசி, கண்டென்சர் ஆகிய நான்கும் காலத்தால் கெடத்தான் செய்யும். எவ்வளவு உயர்ந்த பிளேயராக இருந்தாலும் முப்பது நாற்பது வருடத்தில் இவை போய்விடும். நான்குமே மாற்றக் கூடியவை, பெரிய செலவும் இல்லை. பரணில் கிடந்த பிளேயர்களில் பெரும்பாலானவற்றின் பழுது இந்த நாலுக்குள்தான் இருக்கும்.

யோசிக்க வேண்டிய பழுதுகள் வேறு. மோட்டார் காயில் எரிந்திருப்பது, டோன் ஆர்மின், அதாவது ஊசியை முனையில் தாங்கும் நீளக் கையின், அச்சு வளைந்திருப்பது, அந்த மாடலுக்கென்றே செய்த ஐசி சிப் செத்திருப்பது, பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருப்பது. இவற்றுக்கு மாற்றுப் பாகம் வேண்டுமென்றால் அதே மாடலின் இன்னொரு செத்த பிளேயர் கிடைக்க வேண்டும். கிடைத்தால் ரிப்பேர், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

அப்புறம், கையில் இருப்பது என்ன மாதிரிப் பொருள் என்பதையும் பார்க்க வேண்டும். கனமான அலுமினிய பிளாட்டர், பின்னால் எடை வைத்த ஆர்ம், கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி நிற்கும் சிறு பெட்டி) இருந்தால் ஒரு நல்ல பழுதுபார்ப்புச் செலவுக்கு அது தகுதியானது. அதே தரத்தில் புதிதாக வாங்கப் போனால் விலை பல மடங்கு.

சுவிட்ச் போட்டால் ர்ர்ர் என்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை. மோட்டார் போய்விட்டதா?

முனகினால் பெரும்பாலும் போகவில்லை. பிளாட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே பாருங்கள். பெல்ட் மாடலாக இருந்தால் பெல்ட் அறுந்து கிடக்கலாம், அல்லது உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அந்தக் கறுப்புப் பிசினைச் சுத்தமாகத் துடைத்தெடுத்த பிறகுதான் புது பெல்ட் போட வேண்டும். மிச்சம் இருந்தால் புது பெல்ட்டும் வழுக்கும்.

பிஎஸ்ஆர், காரர்ட் மாதிரிப் பழைய ஆங்கிலேய மாடல்களில் பெல்ட் இருக்காது. மோட்டார் அச்சுக்கும் பிளாட்டரின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் சக்கரம், இட்லர் வீல், இருக்கும். அதன் மேல் எண்ணெய் பட்டிருந்தாலோ ரப்பர் இறுகிப்போயிருந்தாலோ மோட்டார் சுற்றும், பிளாட்டர் சுற்றாது. ஆல்கஹாலால் துடைத்து, ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் சீராகத் தேய்த்தாலே பல நேரம் பிடிப்பு திரும்பிவிடும்.

மோட்டாரின் அச்சே சுற்றவில்லையென்றால் உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டு இரண்டு பக்க பேரிங்கிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. அது கொஞ்ச நாளில் பிசின் பிடிக்கும்.

முனகலும் இல்லை என்றால் சுவிட்ச், ஃபியூஸ், ஒயர் என்று ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு, காயிலில் தொடர்ச்சி இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். காயில் அறுந்திருந்தால்தான் மோட்டார் போனதாக அர்த்தம்.

பாட்டு இழுக்கிறது, அல்லது குரல் கீச்சென்று வேகமாக வருகிறது. வேகத்தை எப்படிச் சோதிப்பது?

கருவி எதுவும் வேண்டாம். பிளாட்டரின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, ரெக்கார்டு பாடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள். 33 1/3 வேகத்தில் மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 45 வேகத்தில் ஒரு நிமிடத்தில் 45. ஊசி கீழே இருக்கும்போது எண்ணுவது முக்கியம். வெறுமனே சுற்றும்போது சரியாக இருந்து, ஊசி வைத்ததும் தளர்வது பெல்ட் வழுக்குவதற்கு அடையாளம்.

எப்போதும் ஒரே அளவு மெதுவாக இருந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங்கில் எண்ணெய் இறுகியிருக்கிறது. அலை அலையாக ஏறி இறங்கினால் பெல்ட் ஒரு இடத்தில் நீண்டிருக்கிறது, அல்லது ரெக்கார்டே வளைந்திருக்கிறது. இட்லர் வீலை அழுத்திய நிலையிலேயே வருடக்கணக்கில் விட்டிருந்தால் ரப்பரில் பள்ளம் விழுந்து, டொக் டொக் என்று ஒரே சீராகத் தட்டும். எல்லாமே ரிப்பேர் பக்கம்தான்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளேயர் இங்கே மெதுவாகச் சுற்றுகிறது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் போட்டுவிட்டோம்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஃப்ரீக்வென்சியை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். பழைய ஏசி மோட்டார்கள் இந்த எண்ணை நம்பித்தான் சுற்றும். அதனால் 33 1/3 என்பது இங்கே சுமார் 28 ஆகிவிடும். பாடகியின் குரல் பாடகர் குரலாகும். மோட்டாரில் எந்தக் கோளாறும் இல்லை. மோட்டார் அச்சில் மாட்டும் புல்லி, 50 ஹெர்ட்ஸுக்கான சற்றுப் பெரியதாகக் கிடைத்தால் மாற்றலாம். அது கிடைக்காத மாடல் என்றால் இங்கே வைத்துப் போராடுவதில் பயனில்லை. இது நான் தயங்காமல் 'புதிது வாங்குங்கள்' என்று சொல்லும் இடம்.

டிசி மோட்டார் போட்ட மாடல்களுக்கும், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி டைரக்ட் டிரைவ் (மோட்டாரே நேராகப் பிளாட்டரைச் சுற்றும்) மாடல்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. வோல்டேஜை மட்டும் சரி செய்தால் போதும்.

சுற்றுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை.

பழைய பெட்டி பிளேயர்களில் முதல் சந்தேகம் கார்ட்ரிட்ஜ் மேல்தான். அந்தக் காலத்து கிறிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்குள் ரோஷெல் உப்பு என்ற படிகம் இருக்கும். ஊசியின் அசைவை மின்சாரமாக்குவது அதுதான். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும், வெயில் சூட்டையும் தாங்காது. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில், ஓட்டுக்கூரைக்குக் கீழே பரணில் கிடந்தால் அது பிழைத்திருப்பது அபூர்வம். பின்னால் வந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

இதற்காகப் பிளேயரைத் தூக்கிப் போட வேண்டாம். இப்போது சூட்கேஸ் மாடல்களில் வரும் சிவப்பு நிறச் சிறு செராமிக் கார்ட்ரிட்ஜை மெக்கானிக்குகள் பழைய ஆர்மில் பொருத்திக் கொடுக்கிறார்கள். பழைய கிறிஸ்டல் கொடுத்த அளவு சத்தம் வராது, வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடவில்லை என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னாலுள்ள நான்கு மெல்லிய ஒயர்களைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடது பக்கம், சிவப்பும் பச்சையும் வலது பக்கம். இரண்டு ஜோடியையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் இடம் மாறினால் பழுது கார்ட்ரிட்ஜில். மாறாமல் அதே பக்கம் நின்றால் பழுது ஒயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை; வீணாகக் கார்ட்ரிட்ஜ் வாங்குவதைத் தடுக்கும்.

சத்தம் வருகிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல் மெலிதாக, கனமே இல்லாமல் இருக்கிறது.

பழுதே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். காந்தத்தால் வேலை செய்யும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ரெக்கார்டில் பேஸைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். சத்தத்தைக் கூட்டி, அதைத் திரும்பச் சமன் செய்ய ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற கருவி வேண்டும். டர்ன்டேபிளை, அதாவது தனி ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் பிளேயரை, நேரே ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் செருகினால் நீங்கள் சொன்ன சத்தம்தான் வரும். ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 'ஃபோனோ' என்று துளை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தனி ப்ரீஆம்ப் வாங்குங்கள்.

உம்ம்ம் என்று ஹம் சத்தம் விடாமல் கேட்கிறது.

எர்த் ஒயர் மாட்டாமல் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மாட்டியும் நிற்கவில்லை என்றால், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பெட்டி மாடல்களில், பவர் சப்ளையின் பெரிய எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் காய்ந்திருக்கும். மாற்றுவது எளிது. அதே மதிப்பு, அதே அல்லது கூடுதல் வோல்டேஜ் உள்ளது சென்னை ரிச்சி தெருவில் எந்தப் பாகக் கடையிலும் கிடைக்கும்.

ஊசி குதிக்கிறது. ஆர்ம் மேல் ஒரு ரூபாய்க் காசு வைத்தால் நிற்கிறதே?

நிற்கும். ரெக்கார்டும் தேயும். டீக்கடையில் காசு வைத்து ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தத் தட்டுகளை இன்று போட்டுப் பார்த்தால் என்ன ஆனது என்று காது சொல்லும்.

காசு வைப்பதற்குப் பதில் வரிசையாகப் பாருங்கள். மேசை மட்டமாக இருக்கிறதா? ஊசியில் தூசு உருண்டிருக்கிறதா? எல்லா ரெக்கார்டிலும் குதிக்கிறதா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் குற்றம் ரெக்கார்டில். பின்னால் எடை உள்ள ஆர்மாக இருந்தால் ஊசியின் அழுத்தத்தை அளந்து வையுங்கள். சின்ன டிஜிட்டல் அழுத்தத் தராசு ஆன்லைனில் கிடைக்கிறது. எவ்வளவு என்பது கார்ட்ரிட்ஜைப் பொறுத்தது: ஆடியோ டெக்னிகா விஎம்95ஈ என்றால் 2 கிராம், பரவலாகக் கிடைக்கும் ஏடி3600எல் என்றால் 2.5 முதல் 3.5 கிராம் வரை.

எல்லாம் சரியாக இருந்தும் குதித்தால் ஆர்மை மெதுவாகப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினாலோ, பக்கவாட்டில் நகர்த்தும்போது எங்காவது சிக்கினாலோ அச்சு பேரிங் போயிருக்கிறது. நான் ரிப்பேர் வேண்டாம் என்று சொல்லும் சில பழுதுகளில் இதுவும் ஒன்று.

ஊசி எவ்வளவு காலம் வரும்? பழைய மாடலுக்கு இன்னும் கிடைக்குமா?

வைர ஊசி சுமார் 500 முதல் 1000 மணி நேரம் ஓடும். பழைய பெட்டிகளில் இருந்த சஃபையர் ஊசிக்கு ஆயுள் அதைவிட மிகக் குறைவு. வயது தெரியாத ஊசியை நல்ல ரெக்கார்டு மேல் வைக்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஷூர் நிறுவனம் 2018ல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனாலும் அவர்களுடைய புகழ்பெற்ற மாடல்களுக்கு மற்ற நிறுவனங்களின் மாற்று ஊசிகள் கிடைக்கின்றன. ஊசி கிடைக்காத கார்ட்ரிட்ஜ் என்றால், அரை அங்குல இடைவெளியில் இரண்டு ஸ்குரூ போடும் வழக்கமான ஆர்ம்களில் வேறு கார்ட்ரிட்ஜே மாட்டிவிடலாம். ஊசி கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு நல்ல டர்ன்டேபிளைக் கைவிட வேண்டியதில்லை.

ஆட்டோமேட்டிக் மாடல். பாட்டு முடிந்ததும் ஆர்ம் திரும்புவதில்லை, அல்லது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் கிரீஸ்தான். அடியில் உள்ள பெரிய பல்சக்கரத்திலும் நெம்புகோல்களிலும் தடவிய கிரீஸ் பசையாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும். கையால் ஆர்மை இழுத்து விடுவிக்க நினைக்காதீர்கள், ஏதாவது உடைந்துவிடும். கழற்றி, ஆல்கஹாலில் கழுவி, புது கிரீஸ் கொஞ்சமாகத் தடவ வேண்டும். பாதி நாள் வேலை. கழற்றும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பதே பிறகு பெரிய பிரச்சினையாகும்.

எங்கள் வீட்டில் ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா இருக்கிறது. அதைச் சரி செய்வது தகுமா?

தகும், என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பது தெளிவாக இருந்தால். ஃபியஸ்டா, கலிப்ஸோ மாதிரிப் பெட்டிகள் நடுத்தரக் குடும்பங்கள் கூடத்தில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்காக வந்தவை. சரி செய்தால் அந்தச் சத்தம் திரும்ப வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு அதிக அழுத்தம் தேவை என்பதால் புதிதாக வாங்கிய விலையுயர்ந்த எல்பிக்களை (33 1/3 வேகத்தில் ஓடும் பெரிய தட்டுகளை) அதில் போடாதீர்கள். வீட்டில் உள்ள பழைய 45களுக்கு அது போதும்.

சில பெட்டிகளின் ஆம்ப்ளிஃபயரில் ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர்கள் இருக்கும். அவை செத்திருந்தால் சரியான ஜோடி கிடைப்பது சிரமம். மெக்கானிக் 'உள்ளே புது ஆம்ப்ளிஃபயர் போர்டு போட்டுவிடட்டுமா' என்று கேட்பார். கேட்பதற்கு மட்டும் வேண்டும் என்றால் சம்மதியுங்கள், பழைய போர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் 78 தட்டுகள் நிறைய இருக்கின்றன. புது டர்ன்டேபிளில் அவை ஓடுமா?

பெரும்பாலான புது மாடல்களில் 33, 45 மட்டும்தான். இந்தியாவில் 1960களிலும் 78 தட்டுகள் அச்சானதால், தமிழ்க் குடும்பங்களில் இவை இன்னும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. உங்கள் பழைய பிளேயரில் 78 வேகம் இருந்தால், ரிப்பேருக்கு அதுவே பலமான காரணம்.

ஊசியைக் கவனியுங்கள். 78ன் பள்ளம் அகலமானது. பழைய கார்ட்ரிட்ஜ்களில் இரண்டு ஊசிகள் முதுகோடு முதுகாக இருக்கும். சிறு பிடியைத் திருப்பினால் மாறும். 78 ஊசியில் எல்பி போட்டால் பள்ளம் நாசமாகும். எல்பி ஊசியில் 78 போட்டால் இரைச்சல்தான் கேட்கும். புதிதாக வாங்குவதென்றால் ஆடியோ டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸில் 78 வேகம் உண்டு; அதன் கார்ட்ரிட்ஜுக்கு 78க்கான ஊசியும் தனியாக விற்கிறார்கள்.

சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. அதில் மின்சாரமே இல்லை, ஸ்பிரிங்தான். இரும்பு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். எல்பியை அதில் வைக்கவே கூடாது. ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப் படமுமாகச் சந்தைகளில் விற்பவற்றில் பல, பழைய பாகங்களைச் சேர்த்துப் புதிதாகக் கட்டியவை. அவற்றை ரிப்பேர் செய்யப் பணம் போடாதீர்கள்.

நான் வாங்கியது புது சூட்கேஸ் மாடல். நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

வாரண்டி இருந்தால் மாற்றி வாங்குங்கள். இல்லையென்றால் அடாப்டரையும் ஊசியையும் மட்டும் மாற்றிப் பாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடை சரி செய்ய முடியாத பிளாஸ்டிக் ஆர்ம், லேசான பிளாட்டர், சின்ன டிசி மோட்டார். மெக்கானிக் கூலியே பொருளின் விலையை எட்டிவிடும். சரியாகிவிட்டாலும் உங்கள் கையில் இருப்பது அதே பிளேயர்தான்.

ரிப்பேருக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம்?

நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஏடி-எல்பி60எக்ஸ் மாதிரி நம்பகமான தொடக்கநிலை டர்ன்டேபிள் ஒன்றின் இன்றைய விலையைப் பாருங்கள். ஊசி, பாகம், கூலி எல்லாம் சேர்த்து அதில் பாதிக்குள் முடிந்தால் யோசிக்காமல் ரிப்பேர் செய்யலாம். பாதியைத் தாண்டினால், கையில் இருப்பது அந்தப் புது மாடலைவிட நல்லதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டெக்னிக்ஸ், தோரன்ஸ், நல்ல நிலையிலுள்ள காரர்ட் என்றால் முழு விலையைத் தாண்டினாலும் தப்பில்லை. எஸ்எல்-1200 தயாரிப்பு 2010ல் நின்று 2016ல் மறுபடி தொடங்கியது. பழையவற்றுக்குப் பாகங்களும் விவரம் தெரிந்தவர்களும் கிடைப்பதால் அதைத் தூக்கிப் போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

அப்பா வாங்கியது என்பதற்காகச் செலவு செய்வதும் நியாயமான காரணம்தான். அதற்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

'ஓடவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். சுற்றுகிறதா, சத்தம் வருகிறதா, எப்போது நின்றது என்று மூன்றையும் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். டிவி மட்டும் பார்ப்பவரைவிட, ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பார்த்த வயதானவர் ஒருவர் உங்கள் ஊர் பஜாரில் இருந்தால் அவரிடமே போங்கள். ஆர்மைக் கட்டாமல் ஆட்டோவில் ஏற்றாதீர்கள்; பிளாட்டர் கழலும் மாடல் என்றால் அதைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், ஊசிக்கு மூடி போடுங்கள்.

புதிது வாங்கிவிட்டேன். பழையதை என்ன செய்வது?

எடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். பின் எடை, ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் மாட்டும் முனை), 45க்கான நடு அடாப்டர், இட்லர் வீல், கண்ணாடி மூடி ஆகியவற்றை அதே மாடல் வைத்திருக்கும் யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருப்பார். மாடல் எண்ணை எழுதி, பாகங்களாகவோ முழுசாகவோ விற்பனைக்குப் போடுங்கள். 'பாகங்களுக்கு மட்டும், ஓடாது' என்று தெளிவாகக் குறிப்பிட்டுவிட்டால் பிறகு சண்டை வராது.